எழுதி வாங்குங்கள்



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது மழையும் கூடவே வந்திருக்கும். தீபாவளிப் பலகார டப்பா காலியாகி, கார்த்திகைப் பொரிக்கு வெல்லம் வாங்கும் யோசனையில் இருப்பீர்கள். இந்த மாதம் 25-ம் தேதிக்கும் ஒரு சேதி உண்டு. பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்பதற்கென்று ஐ.நா. சபை 1999-ல் குறித்துக் கொடுத்த நாள் அது.

ஏன் நவம்பர் 25? டொமினிக்கன் குடியரசு என்ற கரீபியன் நாட்டை ட்ருஹியோ என்ற சர்வாதிகாரி முப்பது ஆண்டுகள் தன் பிடியில் வைத்திருந்தான். அவனை எதிர்த்து நின்றவர்களில் பத்ரியா, மினர்வா, மரியா தெரசா என்ற மிராபால் சகோதரிகள் மூவர் முக்கியமானவர்கள். 1960-ல் அந்த நாளன்று, சிறையிலிருந்தவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிய மூவரையும் ஆட்சியாளனின் ஆட்கள் வழிமறித்து அடித்துக் கொன்றார்கள். வண்டி ஓட்டி வந்தவரையும் விடவில்லை. உடல்களை ஜீப்பில் போட்டுப் பள்ளத்தில் உருட்டிவிட்டு, சாலை விபத்து என்று கணக்கை முடித்தார்கள். ஊர் நம்பவில்லை. ஆறு மாதம் கழித்து அந்தச் சர்வாதிகாரியே சுட்டுக் கொல்லப்பட்டான்.

கொலையை விபத்து என்று எழுதும் பழக்கம் நமக்கும் புதிதல்ல. 1980-களில் செய்தித்தாள் படித்தவர்களுக்கு ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு’ என்ற தலைப்பு நினைவிருக்கும். வெடித்த ஸ்டவ்கள் எல்லாம் எப்படி மருமகள்களாகப் பார்த்தே வெடித்தன என்று கேட்டவர்கள் பெண்கள் இயக்கத்தினர்தான். அந்தக் கேள்வி தெருவில் எழுந்து நாடாளுமன்றம் வரை போனது. கணவனோ அவன் வீட்டாரோ கொடுமைப்படுத்துவது தனிக் குற்றம் என்று 1983-ல் சட்டம் வந்தது. 498ஏ என்று எல்லோரும் சொல்லும் பிரிவு அதுதான்; இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-வது பிரிவு. கல்யாணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் தீக்காயத்தாலோ இயல்புக்கு மாறாகவோ இறந்து, அதற்குச் சற்று முன்பு வரதட்சணைக் கொடுமை நடந்ததும் நிரூபணமானால், அது வரதட்சணைச் சாவு என்றே கொள்ளப்படும் என்று 1986-ல் இன்னொரு பிரிவு சேர்ந்தது. புதுமணப்பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை நடப்பதும் அந்தக் காலத்துச் சட்டத் திருத்தத்தால்தான். ‘விபத்து’ என்று காவல் நிலையத்தில் ஒருவர் எழுதிவிட்டால் அதோடு முடியாது, வேறொரு அதிகாரியும் வந்து கேட்டு எழுத வேண்டும் என்று ஆனது.

இந்த மாதம் உங்களிடம் நான் பேச நினைப்பது இதைத்தான். பெண்களைக் காக்க அரசு செய்யும் காரியங்களில் முதலாவது, நடந்ததை நடந்தபடி எழுதிக்கொள்வது. உதவி எண், ரோந்து வண்டி, கடும் தண்டனை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் சும்மா இருந்த மாநிலம் அல்ல. 1973-ல் காவல் துறையில் பெண்களைச் சேர்த்தோம். 1992-ல் சென்னை ஆயிரம்விளக்கில் மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது; இன்று அவை இருநூறைத் தாண்டிவிட்டன. சென்னையில் ஒரு கல்லூரி மாணவி சீண்டலுக்குப் பலியானதும், 1998-ல் ஈவ்டீசிங்கைத் தடுக்கத் தனிச் சட்டம் போட்டோம். 2018 டிசம்பரில் 181 என்ற மகளிர் உதவி எண் இங்கே வந்தது. மருத்துவம், காவல், சட்ட உதவி, ஆலோசனை, சில நாள் தங்க இடம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் தரும் ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையங்கள் மாவட்டங்களில் இயங்குகின்றன.

பெயரில் ‘வன்முறைத் தடுப்பு’ என்று இல்லாத திட்டங்களையும் இந்தக் கணக்கில் சேர்ப்பேன். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2023 செப்டம்பர் முதல் மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய், தகுதியுள்ள பெண்ணின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. அடி வாங்கிய மறுநாள் காலையில் கைப்பையில் பத்து ரூபாய்கூட இல்லாமல் தவித்த பெண்கள் எத்தனையோ பேர். அந்தக் காலையில் ஒரு பஸ் ஏறி அம்மா வீட்டுக்கோ ஆட்சியர் அலுவலகத்துக்கோ போக முடிவது சின்ன விஷயமில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதலாவது, 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. திருமணமான, 18 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில், கணவனிடம் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்தவர்கள் இந்திய அளவில் 29.3 சதவீதம். தமிழ்நாட்டில் 38.1. நூற்றுக்கு முப்பத்தெட்டு பேர்! இரண்டாவது, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டுக் கணக்கு. ஒரு லட்சம் பெண்களுக்கு எத்தனை வழக்கு பதிவானது என்று பார்த்தால் நாட்டின் சராசரி 66.4. தமிழ்நாட்டின் எண் அதில் பாதியைக்கூட எட்டவில்லை.

இரண்டும் வேறுவேறு அளவுகோல்கள். ஒன்று வீட்டுக்குள் நடப்பதைக் கேட்கிறது; மற்றொன்று வீட்டிலும் வீதியிலும் நடந்து காவல் நிலையம் வரை வந்ததை எண்ணுகிறது. ஒன்றை மற்றதிலிருந்து கழித்து விடை காண முடியாதுதான். ஆனாலும் கணக்கெடுக்க வந்தவரிடம் வாய் திறந்த அளவுக்குக் காவல் நிலையத்தில் பெண்கள் வாய் திறக்கவில்லை, திறந்தவர்கள் சொன்னதெல்லாம் வழக்காகவும் இல்லை என்பது தெரிகிறது. வன்முறையை அனுபவித்த பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் இந்திய அளவிலேயே 14 சதவீதம்தான் என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. ஆட்சியில் யார் இருந்தாலும் ‘நம் மாநிலத்தில் குற்றம் குறைவு’ என்று மேடையில் இரண்டாவது எண்ணைத்தான் வாசிக்கிறார்கள். முதல் எண்ணை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

எழுத்தில் வராமல் போவது எங்கே? நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் ‘பெயர் வேண்டாம்’ என்ற குறிப்போடு வருபவை தனி ரகம். அவற்றில் பலவும் ஒரே மாதிரியான காட்சியைச் சொல்கின்றன. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். மனு ரசீது கிடைக்கிறது. கணவனைக் கூப்பிட்டு அதட்டுகிறார்கள். ‘இனிமே கை நீட்ட மாட்டேன்’ என்று எழுதி வாங்குகிறார்கள். அந்தப் பெண்ணிடம், ‘பிள்ளைங்க முகத்தைப் பாரும்மா, கொஞ்சம் அனுசரிச்சுப் போ’ என்று சொல்லி, இருவரையும் ஒரே ஆட்டோவில் அனுப்பி வைக்கிறார்கள். ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்ற பழமொழியை அங்கேயும் ஒருவர் சொல்லியிருப்பார். அன்று இரவு அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

பேசி அனுப்புகிற போலீஸ்காரப் பெண்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. பந்தோபஸ்து, நீதிமன்றம், போக்சோ வழக்குகள் என்று அவர்களுடைய வேலைக்கு நேரம் காலம் கிடையாது. இன்னொரு உண்மையும் உண்டு. வருகிற பெண்களில் பலர், ‘அவரை ஜெயில்ல போடாதீங்க, அடிக்கிறதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க’ என்றுதான் கேட்கிறார்கள். அவன் ஜெயிலுக்குப் போனால் வாடகை யார் கொடுப்பது, பள்ளிக்கூடக் கட்டணம் யார் கட்டுவது? நியாயமான பயம்.

இந்தப் பயத்தை மனதில் வைத்துத்தான் ஒரு சட்டமே செய்யப்பட்டது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26. இருபது வயதை நெருங்கும் இந்தச் சட்டத்தின் பெயர் தெரிந்த அளவுக்கு அதன் உள்ளே இருப்பது நமக்குத் தெரியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தச் சட்டத்தின் கீழ் போகும் மனு, கணவனைச் சிறைக்கு அனுப்பும் மனு அல்ல. மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு கேட்கும் மனு. ‘இவளை அடிக்கக் கூடாது, வேலை செய்யும் இடத்துக்குப் போய்த் தொந்தரவு தரக் கூடாது’ என்று பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். ‘இந்த வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது’ என்று குடியிருப்பு உத்தரவு கேட்கலாம். வீடு யார் பெயரில் இருந்தாலும் சரி, சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்க அவளுக்கு உரிமை உண்டு. மாமனார், மாமியார் பெயரில் உள்ள வீட்டுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவாக்கிவிட்டது. செலவுக்குப் பணம், பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமை, இழப்பீடு ஆகியவற்றையும் இதே மனுவில் கேட்கலாம். அடி மட்டும்தான் வன்முறை என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. வாய்க்கு வந்தபடி ஏசுவது, செலவுக்குக் காசு தராமல் இழுத்தடிப்பது, நகையைப் பிடுங்கி அடகு வைப்பது எல்லாமே இதில் வரும். மனைவி மட்டுமல்ல, அம்மாவும் அக்கா தங்கையும்கூட மனுச் செய்யலாம்.

மனு போட்டால் பொதுவாக 3 நாட்களுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம் வைத்த கெடு. உத்தரவை மீறினால்தான் கணவன் குற்றவாளி. ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.20,000 வரை அபராதம், அல்லது இரண்டும்.

இந்த மனுவை எழுத உதவுவதற்கென்றே பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள். நீங்கள் சொல்வதைக் கேட்டு ‘குடும்ப நிகழ்வு அறிக்கை’ என்ற படிவத்தில் அவர் எழுத வேண்டும். டி.ஐ.ஆர். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் நகல் உங்களுக்கு இலவசம். காரணமே இல்லாமல் அவர் தன் கடமையைச் செய்யாவிட்டால் அவருக்கும் ஓராண்டு வரை சிறை உண்டு என்று அதே சட்டம் எழுதி வைத்திருக்கிறது.

எழுத்தில் இவ்வளவு இருக்கிறது. நடைமுறையில்? அறுபது நாள் என்பது பல நீதிமன்றங்களில் ஏட்டுச் சுரைக்காய். ஒரு மாவட்டம் முழுவதற்கும் ஒரு அலுவலர் என்றால், மலையோரக் கிராமத்துப் பெண் அவரைத் தேடிப் போவதற்குள் வீங்கிய முகம் வற்றிவிடும். நாடு முழுக்க இதுதான் நிலைமை என்பதால்தான், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மாவட்ட, தாலுகா அளவில் உள்ள அரசு அலுவலர்களைப் பாதுகாப்பு அலுவலர்களாக நியமிக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. சட்டம் வந்து ஏறக்குறைய 20 ஆண்டுகள் கழித்து, அதற்கு ஆள் போடுங்கள் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

எழுதிக்கொள்வதால் மட்டும் என்ன மாறிவிடும் என்று கேட்கலாம். மத்தியப் பிரதேசத்தில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 180 காவல் நிலையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் சிலவற்றில் ‘ஊர்ஜா’ என்ற பெண்கள் உதவி மேசையைத் திறந்தார்கள். தனியாக உட்கார்ந்து பேச ஓர் இடம், எப்படிக் கேட்டு எழுத வேண்டும் என்று பயிற்சி, உள்ளூர்ப் பெண்கள் அமைப்புகளோடு தொடர்பு, மேலதிகாரியின் கண்காணிப்பு. அவ்வளவுதான். மேசை இருந்த நிலையங்களில் குடும்ப நிகழ்வு அறிக்கைகளும் கூடின, முதல் தகவல் அறிக்கைகளும் கூடின. எஃப்.ஐ.ஆர். கூடியதில் பெரும்பங்கு பெண் அதிகாரிகள் நடத்திய மேசைகளுடையது. இந்த ஆய்வு 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. பெண் போலீசை நியமித்தால் மட்டும் போதாது, எழுதுவது அவர்களுடைய வேலை என்பதை முறையாக்கித் தரவும் வேண்டும் என்பது இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம்.

எழுதுவதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. எழுதியதை மறைத்துக் காப்பது. பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் 2019-ல் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல் துறையே வெளியில் சொன்னது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த பாலியல் வன்கொடுமைப் புகாரின் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் கசிந்தது. இரண்டு முறையும் ரூ.25 லட்சம் இழப்பீடு தரச் சொல்லி அரசுக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்துப் புகார் கொடுக்க நினைத்திருந்த பெண்கள் எத்தனை பேர் அதைப் பார்த்துப் பின்வாங்கினார்களோ, அதற்கு எந்த இழப்பீடும் கிடையாது.

அதே இரண்டு வழக்குகளில் நல்ல செய்தியும் உண்டு. பொள்ளாச்சி வழக்கில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை என்று கோவை மகளிர் நீதிமன்றம் 2025 மே 13 அன்று தீர்ப்பளித்தது. பல்கலைக்கழக வழக்கில் ஐந்து மாதத்தில் குற்றம் நிரூபணமாகி, குறைந்தது 30 ஆண்டு சிறை என்று தீர்ப்பு வந்தது. நடுவில், 2025 ஜனவரியில், தண்டனைகளைக் கூட்டும் திருத்தங்களைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. எனக்குத் தண்டனையின் நீளத்தைவிட அந்த ஐந்து மாதம்தான் பெரிதாகத் தெரிகிறது. ஒரு வழக்கில் முடிந்தது மற்ற வழக்குகளிலும் முடியும்தானே?

அரசிடம் நம் பத்திரிகையின் சார்பில் நான்கு விஷயங்களைக் கேட்கிறோம். ஒன்று, தாலுகாவுக்கு ஒரு பாதுகாப்பு அலுவலர். வேறு வேலைகளோடு சேர்த்துச் சுமத்தாத, முழு நேர அலுவலர். இரண்டு, எத்தனை குடும்ப நிகழ்வு அறிக்கைகள் பதிவாயின, எத்தனை மனுக்களுக்கு 60 நாளில் உத்தரவு கிடைத்தது என்பதை ஒவ்வொரு ஆண்டும் மாவட்டவாரியாக வெளியிடுங்கள். மூன்று, வழக்கு எண்ணிக்கை கூடிய காவல் நிலையத்தை மோசமான நிலையம் என்று பார்க்கும் பார்வையை விடுங்கள். பெண்கள் நம்பி வருகிற நிலையம் அது என்றும் பொருளாகலாம். நான்காவது கேட்பதற்குச் சங்கடமானது. அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவனோடு வாழும் பெண்களில் நூற்றுக்கு 70 பேரும், குடிக்காத கணவனோடு வாழ்பவர்களில் 23 பேரும் வன்முறையை அனுபவித்ததாக அதே தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. 2003 முதல் நம் ஊரில் சில்லறை மது விற்பது அரசேதான். 181-ஐ நடத்தும் அரசும் டாஸ்மாக்கை நடத்தும் அரசும் ஒன்றுதான். கடைகளின் எண்ணிக்கையையும் நேரத்தையும் குறைப்பதைப் பெண்கள் பாதுகாப்புத் திட்டமாகவே கணக்கில் எடுங்கள்.

இனி உங்களிடம் சில வார்த்தைகள்.

பக்கத்து வீட்டுச் சத்தம் கேட்டால் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டாதீர்கள். குடும்ப வன்முறை நடக்கிறது என்று தெரிந்த யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது எந்த நடவடிக்கையும் வராது என்று சட்டம் உறுதி தருகிறது. 181-க்கு இரவு பகல் எந்த நேரமும் கூப்பிடலாம். அவசரத்துக்கு 112. குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098. ஆபாசப் படம், மிரட்டல் போன்ற இணையக் குற்றங்களுக்கு 1930. வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு என்றாலும், பெண் என்ற ஒரே தகுதியில் இலவசச் சட்ட உதவி உங்களுக்கு உண்டு. அதற்கான எண் 15100.

மகளைக் கட்டிக் கொடுத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் அடியைப் பற்றி அவள் ஃபோனில் சொல்லும்போது, ‘கொஞ்ச நாள்ல சரியாயிடும்’ என்று சொல்லி வைத்துவிடாதீர்கள். ‘உன் ரூம் அப்படியேதான் இருக்கு, கிளம்பி வா’ என்று சொல்லுங்கள். மகனைப் பெற்றவர்கள், அவன் கை ஓங்கியது தெரிந்த அன்றே, மருமகளுக்கு முன்னாலேயே அவனைக் கண்டியுங்கள்.

ஸ்டேஷனுக்குப் போகிற தோழிகளுக்குக் கடைசியாக ஒன்று. சேர்ந்து வாழ்வதா, பிரிவதா என்பது உங்கள் முடிவு. அதில் தலையிட எனக்கு உரிமையில்லை. சமாதானமாகப் போவதாகவே முடிவெடுத்தாலும், நடந்ததைச் சொல்லி எழுத வைத்துவிட்டுப் போங்கள். எஃப்.ஐ.ஆர். என்றால் அதன் நகல், மனு என்றால் ரசீது, பாதுகாப்பு அலுவலர் என்றால் குடும்ப நிகழ்வு அறிக்கையின் நகல். காயத்துக்கு அரசு மருத்துவமனையில் காட்டிய சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். உங்கள் எல்லையில் நடக்கவில்லை என்று திருப்பி அனுப்பினால், எந்தக் காவல் நிலையத்திலும் எஃப்.ஐ.ஆர். பதியலாம் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் சொல்வதை எடுத்துச் சொல்லுங்கள். மீண்டும் ஒருமுறை அடி விழுந்தால், முதல் முறை எழுதிய தாள்தான் நீதிமன்றத்தில் உங்களுக்குச் சாட்சி.

இந்த இதழின் நடுப்பக்கத்தில், குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் மனுக் கொடுப்பது எப்படி என்பதைப் படிப்படியாக விளக்கியிருக்கிறோம். உதவி எண்களும் அங்கேயே இருக்கின்றன. உங்களுக்குத் தேவைப்படாமல் இருக்கட்டும். ஆனால் அந்தப் பக்கத்தைக் கிழித்து, தேவைப்படும் ஒருவரிடம் சேர்த்துவிடுங்கள். இதழ் கிழிந்துபோகுமே என்று கவலைப்பட வேண்டாம், அதற்காகத்தான் அச்சிட்டிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்